ஸ்கோப் தப்பாகக் காட்டினால் முதலில் அதன் பவர் சப்ளையைப் பாருங்கள்

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் இருந்து பழைய ஆசிலோஸ்கோப்புகளும் (மின் சிக்னலைத் திரையில் அலையாக வரைந்து காட்டும் கருவி, சுருக்கமாக ஸ்கோப்) ஃபங்ஷன் ஜெனரேட்டர்களும் சர்வீஸுக்காக என்னிடம் வந்துகொண்டே இருக்கின்றன. பாலிடெக்னிக் லேபிலிருந்து வரும், டிவி மெக்கானிக் கடையிலிருந்து வரும், கப்பலூர் சிட்கோவில் கண்ட்ரோல் பேனல் செய்கிறவர்களிடமிருந்தும் வரும். கொண்டுவருகிறவர்கள் பெரும்பாலும் ஒன்றையேதான் சொல்வார்கள்: "காலிப்ரேஷன் போயிருச்சுண்ணே, கொஞ்சம் செட் பண்ணிக் குடுங்க." மூடியைக் கழற்றி மீட்டர் வைத்துப் பார்த்தால் காலிப்ரேஷன் (சரியான அளவு காட்டும்படி செய்த செட்டிங்) அப்படியேதான் இருக்கும், போயிருப்பது பவர் சப்ளை. இதைப் பற்றி விரிவாக எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை, ஏனென்றால் காலேஜில் ரெகுலேட்டர் பாடம் எல்லோரும் படிக்கிறோம், ஐசி 723 என்ற ரெகுலேட்டர் சிப்பை வைத்து எக்ஸ்பெரிமென்ட் செய்து ரெக்கார்டில் கிராஃப் ஒட்டுகிறோம், ஆனால் அதே ரெகுலேட்டர் நம் கண் முன்னால் இருக்கும் ஸ்கோப்புக்குள் உட்கார்ந்து என்ன வேலை செய்கிறது என்று யாரும் திறந்து காட்டுவதில்லை.

மேலூர் பக்கம் எலக்ட்ரானிக் கார்டு (சர்க்யூட் போர்டு) சர்வீஸ் செய்யும் தம்பி ஒருவருடைய 20 மெகாஹெர்ட்ஸ் ஸ்கோப்பை எடுத்துக்கொள்கிறேன், இந்த விஷயம் முழுவதும் அதற்குள்ளேயே இருக்கிறது. "பகல்ல நல்லா இருக்குண்ணே, விளக்கு வைக்கிற நேரத்துக்கு மேல கோடு தடிச்சுப் போகுது, ராத்திரி பத்து மணிக்கு மேல தானா சரியாயிருது" என்றார். அதற்கு முன் வேறு யாரோ பார்த்திருக்கிறார்கள், உள்ளே இருந்த ப்ரீசெட்டுகளை (அளவைச் சரிசெய்யும் சின்னத் திருகுகளை) எல்லாம் திருகி விட்டிருந்தார்கள், அதனால் கோடு தடிப்பதோடு அளவும் தப்பு. நேரம் பார்த்து வந்து நேரம் பார்த்துப் போகிற கோளாறு என்றதுமே எனக்கு லைன் வோல்ட்டேஜ், அதாவது கரண்ட் கம்பியில் வரும் வோல்ட்டேஜ் மீதுதான் சந்தேகம் போனது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். இந்த மாதிரி ஸ்கோப்பில் 15 வோல்ட் ரெயில் (உள் சர்க்யூட்டுகளுக்கு நிலையான வோல்ட்டேஜ் கொடுக்கும் லைன்) ஒன்று இருக்கும். அதற்கு டிரான்ஸ்ஃபார்மரில் 18 வோல்ட் ஏசி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், அதாவது லைனில் 230 வோல்ட் இருக்கும்போது. 18ஐ 1.414ஆல் பெருக்கினால் உச்சம் சுமார் 25.4 வோல்ட். பிரிட்ஜில் இரண்டு டயோடு 1.4 வோல்ட்டைத் தின்றுவிடும், மீதி 24. அதை 4700 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் பிடித்து வைக்கிறது. ஆனால் அடுத்த உச்சம் வரும்வரை, அதாவது ஒரு வினாடியில் நூறில் ஒரு பங்கு நேரம், 1 ஆம்பியர் கரண்டைக் கெபாசிட்டர்தான் தனியாகத் தர வேண்டும், அதற்குள் அது 2.1 வோல்ட் இறங்கிவிடும். ஆக ரெகுலேட்டருக்குள் போகிற வோல்ட்டேஜ் 24க்கும் 21.9க்கும் இடையில் வினாடிக்கு நூறு முறை ஏறி இறங்குகிறது. இதுதான் ரிப்பிள். இது அப்படியே ஸ்கோப்பின் வெர்டிகல் ஆம்ப்ளிஃபையருக்குள் போனால் சில மில்லிவோல்ட் சிக்னலை எப்படிப் பார்ப்பது?

அங்கேதான் ரெகுலேட்டர் வருகிறது. கண்மாயில் தண்ணீர் கூடும், குறையும். ஆனால் வாய்க்காலில் ஒரே அளவுதான் ஓட வேண்டும் என்றால் நீர்பாய்ச்சி மடையில் நின்று, வாய்க்கால் மட்டத்தை அளவுக்கல்லோடு ஒப்பிட்டுப் பார்த்துப் பார்த்து மடையைத் தூக்கி இறக்க வேண்டும். சீரிஸ் பாஸ் டிரான்சிஸ்டர், நம் ஊரில் பெரும்பாலும் அந்தப் பழைய 2என்3055, அதுதான் மடை. எரர் ஆம்ப்ளிஃபையர்தான் நீர்பாய்ச்சி. அளவுக்கல் என்பது ரெஃபரன்ஸ். அவுட்புட்டில் ஒரு பங்கை இரண்டு ரெசிஸ்டர் வைத்துப் பிரித்து எடுத்து ரெஃபரன்ஸோடு ஒப்பிடுகிறார்கள், குறைந்தால் டிரான்சிஸ்டரைக் கொஞ்சம் திறக்கிறது, கூடினால் மூடுகிறது. இந்தச் சுற்றின் லூப் கெயின், அதாவது தப்பைத் திருத்தும் வலு, 1000 என்றால் 2 வோல்ட் ரிப்பிள் சுமார் 2 மில்லிவோல்ட்டாகச் சுருங்கிவிடும். மிச்ச வோல்ட்டேஜ் என்ன ஆகிறது? டிரான்சிஸ்டரில் சூடாகிறது. சராசரி 23 உள்ளே, 15 வெளியே, 1 ஆம்பியர், ஆக 8 வாட். நள்ளிரவில் லைன் 250க்கு ஏறும்போது அது 10 வாட் தாண்டும். ஸ்கோப்பின் பின்புறம் அலுமினிய ஹீட் சிங்க் ஏன் அவ்வளவு பெரிதாக இருக்கிறது என்பதற்கு இதுதான் பதில்.

இப்போது சாயங்காலத்துக்கு வருவோம். ரெகுலேட்டர் வேலை செய்ய வேண்டும் என்றால் அவுட்புட்டை விட இன்புட் குறைந்தது 2 வோல்ட்டாவது அதிகம் இருக்க வேண்டும், ரெடிமேட் ரெகுலேட்டர் சிப்பான 78 சீரிஸ் ஐசிக்கும் ஏறக்குறைய இதே கணக்குதான். 15 வோல்ட்டுக்கு 17 வேண்டும், அதுவும் ரிப்பிளின் உச்சத்தில் 17 இருந்தால் போதாது, அடிப்பள்ளத்தில் இருக்க வேண்டும். கெபாசிட்டர் நன்றாக இருந்தால் லைன் 185 வோல்ட்டுக்கு இறங்கும் வரை இது தாங்கும். அதற்குக் கீழே போனால் பள்ளத்தின் அடியில் ரெகுலேட்டருக்குப் பிடிமானம் போய்விடும், டிரான்சிஸ்டர் முழுக்கத் திறந்து நின்றாலும் தர ஒன்றும் இல்லை, அந்தச் சில மில்லிசெகண்டில் ரிப்பிள் அப்படியே வழிந்து வெளியே வரும். கோடு தடிப்பது அதனால்தான்.

ஆனால் தம்பியின் கடையில் லைன் 185க்குப் போகவில்லை, 200ஐச் சுற்றி இருந்தது. பிறகு ஏன்? கெபாசிட்டரை அளந்தால் 4700 இருக்க வேண்டிய இடத்தில் அதில் பாதிதான் இருந்தது. கொள்ளளவு பாதியானால் ரிப்பிள் இரட்டிப்பாகி 4.3 வோல்ட் ஆகிவிடும், அப்போது 185 என்ற எல்லை 205க்கு ஏறிவிடுகிறது. பகலில் 220 இருக்கும்போது ஸ்கோப் நல்லபடியாக இருக்கிறது, எல்லா வீட்டிலும் விளக்கும் டிவியும் மோட்டாரும் ஓடும் நேரத்தில் 200க்கு வந்ததும் கோடு தடிக்கிறது, ஊர் தூங்கப் போனதும் சரியாகிவிடுகிறது. பகலில் லேப் மேசையில் வைத்து டிசி வோல்ட்டேஜ் அளந்தால் 15.0 என்று சுத்தமாகக் காட்டும், எந்தக் குறையும் தெரியாது. அதனால்தான் டிம்மர்ஸ்டாட் (லைன் வோல்ட்டேஜை ஏற்றி இறக்கும் கருவி) இல்லாமல் ஸ்கோப் சர்வீஸ் பார்ப்பதை நான் ஒத்துக்கொள்வதில்லை. 230இலிருந்து மெதுவாக இறக்கிக்கொண்டே வாருங்கள், ஒவ்வொரு ரெயிலிலும் இன்னொரு ஸ்கோப்பின் ப்ரோபை ஏசி கப்ளிங்கில் (டிசியை விலக்கி ஏற்ற இறக்கத்தை மட்டும் காட்டும் நிலை) வைத்து, எந்த லைன் வோல்ட்டேஜில் ரிப்பிள் எட்டிப் பார்க்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். மீட்டர் சொல்லாததை இது சொல்லும்.

நம் ஊர் வெயிலையும் இங்கே சொல்லியாக வேண்டும். எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டரின் ஆயுள் சூடு 10 டிகிரி கூடினால் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொதுவாக எல்லோரும் வைத்துக்கொள்ளும் கணக்கு. அக்னி நட்சத்திரத்தில் அறையே 40 டிகிரி, மூடிய கேபினெட்டுக்குள் ஹீட் சிங்க்குக்கு அருகே இன்னும் 20 கூடும். 85 டிகிரி கெபாசிட்டர் போட்டு மிச்சம் பிடிக்காதீர்கள், 105 டிகிரிதான் போடுங்கள். டவுன்ஹால் ரோடு பக்கம் வாங்கும்போது பெயரைப் பார்த்து மட்டும் வாங்காமல் வீட்டுக்கு வந்ததும் கொள்ளளவும் ஈஎஸ்ஆரும் (கெபாசிட்டரின் உள் ரெசிஸ்டன்ஸ்) அளந்துவிட்டுத்தான் சால்டர் செய்ய வேண்டும். அலமாரியில் பல வருடம் கிடந்த சரக்கும் புதுசு போலத்தான் பளபளக்கும்.

சரி, ரெஃபரன்ஸ். எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த பகுதி இது. ஒரு ரெகுலேட்டர் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக ஒப்பிட்டாலும் ஒப்பிடுகிற அளவு தப்பாக இருந்தால் எல்லாம் தப்பு. 1950களின் டெக்ட்ரானிக்ஸ் வால்வு ஸ்கோப்புகளில், 545 மாதிரி மாடல்களில், 5651 என்ற சின்ன வாயுக் குழாய்தான் ரெஃபரன்ஸ். அதன் இரு முனைகளுக்கிடையே 80 வோல்ட்டுக்குச் சற்று மேல் ஒரே அளவாக நிற்கும். அதை வைத்து மைனஸ் 150 வோல்ட்டை நிலைநிறுத்துவார்கள். அப்புறம் 100, 225, 350, 500 என்று மற்ற எல்லா ரெயிலும் அந்த மைனஸ் 150ஐப் பார்த்து நிற்கும். 1972இல் வந்த டிரான்சிஸ்டர் ஸ்கோப்பான 465இலும் வழி அதேதான்: அதில் பிளஸ் 55 வோல்ட்தான் தலைமை ரெயில், 110, 15, 5, மைனஸ் 8 எல்லாம் அதை நம்பி இருக்கின்றன. அதனால் அதன் காலிப்ரேஷன் அந்த 55இல்தான் தொடங்கும். அது சரியாக இல்லாமல் கீழே எந்த ப்ரீசெட்டைத் திருகினாலும் வீண்.

ரெஃபரன்ஸாக வைக்கும் ஜீனர் டயோடு என்றால் நிலையாக நிற்கும் என்று பாடத்தில் படித்திருப்போம். சூட்டுக்கு அதுவும் நகரும். 5 வோல்ட்டுக்குக் கீழே உள்ள ஜீனர்கள் சூடு ஏற ஏற இறங்கும், 6க்கு மேலே உள்ளவை ஏறும், இடையில் 5.6 வோல்ட்டை ஒட்டி இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டிக்கொண்டு ஏறக்குறைய அசையாமல் இருக்கும். 5.6 வோல்ட் ஜீனரைப் பழைய கருவிகளில் அடிக்கடி பார்ப்பது தற்செயல் இல்லை. இன்னும் துல்லியம் வேண்டும் என்றால் ஏறுகிற ஜீனரோடு இறங்குகிற சாதாரண டயோடு ஒன்றைத் தொடராகச் சேர்த்து ஒரே கண்ணாடிக் கூட்டில் வைப்பார்கள், 1என்829 அந்த வகை, 6.2 வோல்ட். அது டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 5 பங்குதான் நகரும், அதுவும் 7.5 மில்லிஆம்பியர் கொடுத்தால் மட்டும். கரண்ட் மாறினால் அந்தச் சமன் கெட்டுவிடும். எல்எம்399இல் வேறு யோசனை: சிப்புக்குள்ளேயே ஒரு ஹீட்டரை வைத்து எப்போதும் 90 டிகிரி அளவில் சூடாகவே வைத்திருக்கிறார்கள், வெளியே கொடைக்கானல் குளிரோ மதுரை வெயிலோ அதற்குத் தெரிவதில்லை. ஹெச்பி 34401ஏ என்ற புகழ்பெற்ற ஆறரை இலக்க மீட்டரில் அதுதான் இருக்கிறது. சூட்டிலிருந்து தப்பிக்கச் சூட்டையே பிடித்துக்கொண்டதை முதலில் படித்தபோது எனக்கு அப்படி ஒரு சந்தோஷம், இன்றைக்கும் அது குறையவில்லை.

ப்ரீசெட்டைத் திருகாதீர்கள் என்று நான் கெஞ்சுவதற்கும் காரணம் இதுதான். ஸ்கோப்பின் முகப்பில் காலிப்ரேட்டர் என்று ஒரு சதுர அலை வரும் முனை இருக்கும், பலவற்றில் 1 கிலோஹெர்ட்ஸ். பழைய அனலாக் ஸ்கோப்பில் அந்த அலையின் உயரத்தைத் தீர்மானிப்பதும் உள்ளே இருக்கும் ரெயில்தான். ரெயில் 5 சதவீதம் ஏறியிருந்தால் காலிப்ரேட்டரும் அதோடு ஏறிவிடும். ஒருவர் அதை ப்ரோபில் மாட்டிப் பார்க்கிறார், கட்டத்தை விட்டு மேலே நிற்கிறது, உடனே கெயின் ப்ரீசெட்டைக் குறைத்துக் கட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டுத் திருப்தியாக மூடியை மாட்டுகிறார். காலிப்ரேட்டரும் திரையும் இப்போது ஒத்துப்போகும், வெளியே இருக்கும் உண்மையான சிக்னல் மட்டும் ஒத்துப்போகாது. தம்பியின் ஸ்கோப்பில் கெபாசிட்டர் மாற்றி அரை மணியில் முடிந்த வேலை, திருகியதைத் திரும்பச் சரிசெய்வதற்குத்தான் ஒரு நாள் போனது.

பிக்சர் ட்யூப் இருக்கும் ஸ்கோப் என்றால் ஹெச்வியையும், அதாவது ட்யூபுக்குத் தரும் உயர் வோல்ட்டேஜையும் மறக்கக் கூடாது. 20 மெகாஹெர்ட்ஸ் ஸ்கோப்பில் எலக்ட்ரானை உமிழும் கேத்தோடு சுமார் மைனஸ் 2000 வோல்ட்டில் இருக்கும். எலக்ட்ரான் எவ்வளவு வேகமாகப் போகிறதோ அவ்வளவு குறைவாகத்தான் டிஃப்ளெக்ஷன் தட்டுகளால் அதை வளைக்க முடியும், அதாவது வளைவு இந்த வோல்ட்டேஜுக்கு எதிர்விகிதம். ஹெச்வி 10 சதவீதம் இறங்கினால் படம் சுமார் 11 சதவீதம் பெரிதாகும், உயரத்திலும் அகலத்திலும் ஒரே மாதிரி. வோல்ட்டும் தப்பு, நேரமும் தப்பு. அதனால் அந்த 2000 வோல்ட்டையும் ரெகுலேட் செய்கிறார்கள்: பத்துக் கணக்கான மெகாஓம் ரெசிஸ்டர்கள் வழியாக ஒரு துளியை எடுத்து, கீழே ஒரு ரெயிலோடு ஒப்பிட்டு, ஆசிலேட்டரின் வலுவைக் கூட்டிக் குறைக்கிறார்கள். அந்த உயர்மதிப்பு ரெசிஸ்டர் வயதாகி மதிப்பு மாறினால் ஹெச்வி நகரும். ஆகவே அளவு தப்பு என்று வந்தால் நான் முதலில் கேட்பது, உயரம் மட்டும் தப்பா, அகலமும் அதே அளவு தப்பா என்றுதான். இரண்டும் ஒரே விகிதத்தில் தப்பு என்றால் ஆம்ப்ளிஃபையரைத் தொடாமல் ஹெச்வி பக்கம் போங்கள். அந்தப் பக்கம் போகும்போது ப்ளக்கைப் பிடுங்கி, கொஞ்ச நேரம் விட்டு, ரெசிஸ்டர் வைத்து டிஸ்சார்ஜ் செய்த பிறகே கை வைக்க வேண்டும், ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்வது நல்ல பழக்கம். அவ்வளவு வோல்ட்டேஜை அளக்க ஹெச்வி ப்ரோப் வேண்டும், சாதாரண மீட்டர் போதாது.

ரிப்பிள் எத்தனை ஹெர்ட்ஸ் என்று பார்ப்பதும் பெரிய உதவி. 100 ஹெர்ட்ஸ் என்றால் பிரிட்ஜுக்குப் பின்னால் கெபாசிட்டர் அல்லது ரெகுலேட்டரின் கோளாறு. 50 ஹெர்ட்ஸ் என்றால் பிரிட்ஜில் ஒரு டயோடு திறந்துவிட்டது, இல்லையென்றால் கிரவுண்ட் லூப் (கிரவுண்ட் ஒயர்கள் வளையமாகச் சேர்வது), இல்லையென்றால் டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலம் எங்கோ தொற்றுகிறது. கிலோஹெர்ட்ஸில் ஊசி ஊசியாக இருந்தால் ஸ்விட்ச்சிங் சமாச்சாரம். அலையை எந்த நொடியில் வரையத் தொடங்குவது என்று தீர்மானிக்கும் ட்ரிக்கரை லைன் என்று வைத்தால் லைனோடு தொடர்புள்ளது எல்லாம் திரையில் அசையாமல் நின்றுவிடும், மற்றவை ஓடும்.

இப்போதைய டிஜிட்டல் ஸ்கோப்புகளில் பெரிய டிரான்ஸ்ஃபார்மர் இல்லை, எஸ்எம்பிஎஸ்தான் (வேகமாக ஆன் ஆஃப் ஆகி வேலை செய்யும் ஸ்விட்ச்சிங் பவர் சப்ளை). லைன் 100இலிருந்து 240 வரை எதுவாக இருந்தாலும் அது பார்த்துக்கொள்ளும், ஆகவே சாயங்காலக் கோளாறு இவற்றில் வராது. அதற்குப் பதில் ஸ்விட்ச்சிங் இரைச்சல். அதனால் அனலாக் முன்பகுதிக்கு மட்டும் கடைசியில் சின்ன லீனியர் ரெகுலேட்டர்களை வைத்து வடிகட்டிக் கொடுக்கிறார்கள், தகரக் கூட்டுக்குள் அடைக்கிறார்கள். பழைய மடை வேலை முழுதாக ஒழியவில்லை, கடைசி முழத்தில் இன்னும் இருக்கிறது. இவற்றில் நம் ஊரில் எனக்குப் பெரிய கவலை எர்த்து. எஸ்எம்பிஎஸ்ஸின் ஃபில்டரில் ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் ஸ்கோப்பின் உலோக உடம்புக்கு ஒவ்வொரு சின்னக் கெபாசிட்டர் போகும், எர்த்து சரியாக இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். எர்த்து இல்லாத மூன்று பின் சாக்கெட்டில் மாட்டினால் ஸ்கோப்பின் உடம்பும் ப்ரோபின் கிரவுண்ட் கிளிப்பும் லைனில் பாதி, 115 வோல்ட்டை ஒட்டி மிதக்கும். தொட்டால் சுர்ரென்று இருக்கும், கிளிப்பை ஒரு போர்டில் மாட்டும் அந்த நொடியில் மென்மையான ஐசி போய்விடும். ஷாக் அடிக்கிறது என்று எர்த்து பின்னை வெட்டிவிடுகிறவர்கள் தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், சாக்கெட்டுக்கு எர்த்து இழுங்கள்.

கடைசியாகக் கையில் இருக்கும் மீட்டர். அதுவும் இதே கதைதான். மூன்றரை இலக்க மீட்டர்கள் பலவற்றில் 7106 வகை ஐசி, 9 வோல்ட் பேட்டரி. அது திரையில் காட்டுவது, உள்ளே வரும் வோல்ட்டேஜை ரெஃபரன்ஸால் வகுத்து வரும் எண். அந்த ரெஃபரன்ஸை ஐசிக்குள் இருக்கும் சுமார் 2.8 வோல்ட் ரெகுலேட்டரிலிருந்து பிரித்து எடுக்கிறார்கள். பேட்டரி 7 வோல்ட்டுக்குக் கீழே போனால் அந்த 2.8 இறங்கத் தொடங்கும், வகுக்கும் எண் சிறிதாகும், விடை பெரிதாகும். பேட்டரி தீர்ந்த மீட்டர் குறைத்துக் காட்டும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள், அது கூட்டித்தான் காட்டும். 15.0 இருக்கும் ரெயிலை 15.8 என்று காட்டும், அதை நம்பி ஒருவர் ரெயிலை இறக்கி வைப்பார். பேட்டரிக் குறி திரையில் வந்தால் அந்த மீட்டரைக் கீழே வைத்துவிட வேண்டும். என் மேசையில் ஏடி584 ரெஃபரன்ஸ் ஐசி வைத்த போர்டு ஒன்று எப்போதும் இருக்கும், 10, 7.5, 5, 2.5 என்று நான்கு வோல்ட்டேஜ் தருகிறது, விலையும் பெரிதில்லை. காலையில் மீட்டரை அதில் ஒரு தரம் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எந்த ஸ்கோப்பின் ரெயிலையும் அளக்கத் தொடங்குகிறேன். லேபில் வேலை பார்க்கும் தம்பிகள், தங்கைகள் ஆளுக்கொன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.